டிச் என்றால் பள்ளம் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலச் சொற்களின் பிறப்பு பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் 'டிச்' என்ற சொல்லுக்குப் பள்ளம், சாக்கடை என்று ஒரு வரியில் பொருள் சொல்லி முடித்துவிட்டு, 'லாஸ்ட் டிச்' (வேறு வழியில்லாத கடைசி முயற்சி) என்ற வழக்கு முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பிறந்தது என்று வேறு போட்டுவிட்டீர்கள். இரண்டையும் அப்படியே விட மனசில்லை.

பழைய ஆங்கிலத்தில் இது 'டீச்'. வெட்டிய பள்ளத்துக்கும், வெட்டி எடுத்த மண்ணைப் பக்கத்தில் கொட்டி எழுப்பிய கரைக்கும் அது ஒன்றே பெயர். மண்வெட்டி பிடித்தவனுக்கு இரண்டும் ஒரே வேலைதானே! அந்த ஒரு சொல்தான் பிற்பாடு தெற்கே டிச், வடக்கே டைக் என்று இரண்டாகப் பிரிந்தது. 8ஆம் நூற்றாண்டில் மெர்சியா என்ற பழைய ஆங்கிலேய அரசை ஆண்ட மன்னன் ஆஃபாவின் பெயரால் வேல்ஸ் எல்லையோரம் இன்றும் கிடக்கிற 'ஆஃபாஸ் டைக்' பள்ளமும் கரையும் சேர்ந்ததுதான். டச்சுக்காரர்களின் 'டைக்' கடலைத் தடுக்கும் அணைக்கரை, ஜெர்மானியரின் 'டைஷ்' குளம். அயர்லாந்துக் கிராமங்களில் இன்னும் வேடிக்கை, அங்கே டிச் என்றாலே பெரும்பாலும் மேடான வரப்புக்கரை. ஆடத் தெரியாமல் ஓரத்தில் உட்கார்ந்து யோசனை மட்டும் சொல்கிறவனை 'டிச்சின் மேல் இருக்கும் ஹர்லிங் ஆட்டக்காரன்' என்று கிண்டலடிப்பார்கள் (ஹர்லிங் என்பது மட்டையும் பந்தும் வைத்து ஆடும் அயர்லாந்து விளையாட்டு). பள்ளத்தின் மேல் எப்படி உட்காருவது?

சரி, 'லாஸ்ட் டிச்'. 1672இல் பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்து டச்சுக் குடியரசின் மேல் பாய்ந்தபோது, டச்சுப் படைத் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியமுக்கு வயது 21. நாடு அழிவது தெரியவில்லையா, பணிந்துபோகலாமே என்று இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபு கேட்டபோது, அதைப் பார்க்காமலிருக்க ஒரு வழி இருக்கிறது, கடைசி டிச்சில் செத்துவிடுவது என்றாராம் வில்லியம். இதை எழுதிவைத்தவர் பர்னெட் என்ற பாதிரியார். அந்த ஆண்டு டச்சுக்காரர்கள் மதகைத் திறந்து, கரையை வெட்டி, தங்கள் நிலத்தைத் தாங்களே வெள்ளக்காடாக்கித்தான் பிரெஞ்சுப் படையை ஆம்ஸ்டர்டாமை நெருங்கவிடாமல் நிறுத்தினார்கள். உலகப் போருக்கு இரண்டரை நூற்றாண்டு முந்தைய கதை, அதை எப்படிக் கட்டுரையாளர் தவறவிட்டார் என்று தெரியவில்லை.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. 1742இல் மராத்தியர் படையெடுப்புக்குப் பயந்து கல்கத்தாவைச் சுற்றி 'மராட்டா டிச்' வெட்டத் தொடங்கினார்கள், முழுசாக முடிக்கவில்லை, படையும் வரவில்லை. அதனால் கல்கத்தா வெள்ளைக்காரர்களுக்கு 'டிச்சர்ஸ்' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். பள்ளம் பிறகு தூர்க்கப்பட்டு, அதன் பெரும்பகுதி சர்குலர் ரோடு ஆகிவிட்டது.

அப்புறம், நம் பிள்ளைகள் சொல்கிற 'டிச் பண்ணிட்டான்'. கைகழுவிவிடுவது என்ற இந்தப் பொருள் அமெரிக்கப் பேச்சுவழக்கிலிருந்து வந்தது. விமானத்தை வேறு வழியில்லாமல் தண்ணீரில் இறக்குவதற்கும் 'டிச்சிங்' என்றுதான் பெயர். 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் இறங்கி 155 பேரும் உயிர்பிழைத்தார்களே, அது. 'லாஸ்ட் டிச்' பற்றிய திருத்தத்தையாவது அடுத்த இதழில் ஒரு மூலையில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி