தம்பியின் இரத்தத்தை அனுப்ப வேண்டாம், அக்கா

சேசு மரி சூசை துணை

ஹாம்பர்க்,
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறு. போனில் அம்மா பக்கத்தில் நிற்பதால் நீ பாதியை விழுங்கிவிடுகிறாய். கடிதத்தில்தான் மனத்தில் உள்ளது முழுவதும் வருகிறது. அதனால் நானும் எழுதியே சொல்கிறேன். காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தலாமா என்று தம்பி அந்தோணி கேட்டதற்கும் இதில்தான் பதில், அவனுக்கு நீயே வாசித்துக் காட்டு. அவன் கையில் கொடுத்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவான்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். அறை மாறியிருக்கிறேன். முன்னதைவிடச் சிறியது, ஆனால் ஆய்வகத்துக்கு நடந்தே போய்விடலாம். முன்பணம் கட்டியதால்தான் இந்த மாதம் பணம் குறைந்தது, வேறொன்றுமில்லை. காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்கு இருட்டிவிடுகிறது. சனிக்கிழமைக்கும் ஒரு வேலை கிடைத்திருப்பதால் பொழுது போய்விடுகிறது.

மீன் கிடைக்கிறதா என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். ஹெரிங் என்று ஒரு மீன், நம் சாளைக்கு உறவு. அதை அடுப்பில் வைக்காமலே உப்பிலும் வினிகரிலும் ஊறப்போட்டு, பச்சை வெங்காயத்தோடு ரொட்டிக்குள் அடைத்துத் தருகிறார்கள். முதல் நாள் விழுங்க முடியவில்லை, இப்போது பழகிவிட்டது. ஊறப்போடாத மீன் கிடைத்த அன்று புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். புளி இருந்தது, நீ கொடுத்தனுப்பிய முண்டு மிளகாய் இருந்தது. ஆனாலும் நம் வீட்டுக் குழம்பு வரவில்லை.

கீழ்வீட்டு ஹெல்கா பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே பனி கொட்டிக் கிடக்கும்போதும் படுக்கையறை ஜன்னலைத் திறந்துபோட்டு, கம்பளித் தொப்பியோடு தூங்குகிறார். ஒருநாள் காரணம் கேட்டேன். போர் முடிந்த சமயத்தில், ஒன்பது வயதில் அவருக்கு நெஞ்சில் காசநோய் வந்திருக்கிறது. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் ஒன்றரை ஆண்டு இருந்தாராம். தினமும் மணிக்கணக்கில் திறந்த மாடத்தில், குளிர்காற்றில், பேசாமல் படுத்திருக்க வேண்டும். அவருடைய அம்மா வந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்துவிட்டுப் போவாராம். மூடிய அறையில் அவருக்கு இன்றும் தூக்கம் வருவதில்லை.

அவருக்கு நம் சென்னையைப் பற்றிச் சொன்னேன். 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில் நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் கட்டிலும் நல்ல சாப்பாடும். மறுபாதிக்கு நெருக்கடியான சொந்த வீடும் இருந்ததைக் கொண்ட சாப்பாடும். இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். 1959இல் அது வெளியான பிறகுதான் சானடோரியக் கதவுகள் உலகெங்கும் மெல்லத் திறந்தன. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தோணிக்கு அந்தக் கண்ணாடிக் கதவு இல்லை. சொந்த வீட்டில் ஆறே மாதம். அதில் மூன்று முடிவதற்குள்ளேயே, "சின்னக்கா வேலை பார்க்கும் இடத்தில் இரத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்களாமே, ஒரு குப்பியில் அனுப்புகிறேன், மாத்திரையை நிறுத்தலாமா என்று பார்த்துச் சொல்லட்டும்" என்கிறானாம். போன விடுமுறையில் என் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசியது நான்தான். அதனால் பதிலும் நானே சொல்ல வேண்டும்.

கிருமியோடு போராடும்போது இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் குறிப்பிட்ட சில மரபணுக்கள் மும்முரமாக வேலை செய்யும். அவை எழுதி அனுப்பும் ஆர்என்ஏ என்ற செய்திகளைத்தான் நாங்கள் எண்ணுகிறோம். மருந்து பிடித்தால் இரண்டு வாரத்திலேயே அந்த எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். இது எவ்வளவு பெரிய உதவி என்று உனக்குத் தெரியும். இரண்டாம் மாதம் சளி கேட்டபோது அந்தோணியால் எச்சில்தானே துப்ப முடிந்தது? தேறியவர்களுக்குச் சளியே வராது. கழுத்துக் கட்டியிலும் முதுகெலும்பிலும் நோய் வந்தவர்களுக்கு முதலிலிருந்தே வராது. வந்தாலும் செத்த கிருமியும் சிலசமயம் சோதனையில் தெரியும். சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகும். இரத்தம் எல்லாரிடமும் கிடைக்கும். அதனால்தான் நான் இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த எண் இறங்கிவிட்டது என்பதும் கிருமி ஒழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. வைரஸ் காய்ச்சல் வந்தாலும் அதே மரபணுக்கள் எழும். ராமநாதபுரத்திலேயே பார்க்கும், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி இரத்தச் சோதனையும் சிகிச்சையில் இறங்கும்தான், ஆனால் திருக்கை முள் குத்திக் கால் வீங்கினாலும் ஏறிவிடும். சிகிச்சையை நான்கு மாதமாகக் குறைத்துப் பார்த்த மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவு 2014இல் வந்தது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் தேறினார்கள். மற்றவர்களில் பலருக்கு நோய் திரும்பியது. அந்த ஐந்தாவது ஆள் யார் என்று முன்கூட்டியே காட்டும் சோதனையைத்தான் எல்லாரும் தேடுகிறோம். ஒருவனிடம் "நீ நிறுத்தலாம்" என்று சொல்லும் துணிவு எங்கள் எண்களுக்கு இன்னும் வரவில்லை. என் தம்பியிடம் நான் எப்படிச் சொல்வேன்?

குப்பியில் அனுப்பினாலும் பயனில்லை. அந்த ஆர்என்ஏ செய்திகள் இரத்தம் எடுத்த சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். தனி மருந்து ஊற்றிய குழாயில் எடுத்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும்.

நான்கு மருந்து மூன்றானதைப் பார்த்து நோய் குறைந்துவிட்டதாக நினைக்கிறான் போலிருக்கிறது. எல்லாருக்கும் இரண்டு மாதத்தோடு பைராசினமைடு என்ற மருந்தை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். 42 கிலோவிலிருந்து 46 ஆகியிருக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அந்தச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதல். கண் மஞ்சளித்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. குடிக்கவே கூடாது.

அப்பாவும் மூன்றாம் மாதத்தில்தான் உடம்பு தெளிந்துவிட்டது என்று வலையைத் தூக்கினார். இதற்கு மேல் நான் எழுத வேண்டாம்.

ஆய்வகத்தில் வரும் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. உன் கடிதம் வந்ததிலிருந்து உறைபெட்டியைத் திறந்து எதை எடுத்தாலும், இது யார் வீட்டுப் பிள்ளையோ என்று கை நின்றுவிடுகிறது. அக்கா, எனக்கு வீட்டுக்கு வர வேண்டும்போல் இருக்கிறது. வாடைக்காற்றில் நீ பாசி எடுத்துவிட்டு ஈரப் புடவையோடு வருவாயே, அந்த உப்பு வாசனைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். ஈஸ்டருக்கு வர முடியாது, வேலை இருக்கிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

படகு விஷயம். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பே கடலுக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்ற அந்தோணியின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. ஏப்ரல் 15க்கு மாத்திரை முடிகிறது, அன்றைக்கே தடைக்காலம் தொடங்கி 61 நாள் படகு கரையில் நிற்கும். ஜூன் பாதிவரை கூலி இல்லையென்றால் எஞ்சின் கடனை எப்படிக் கட்டுவான்? கடலுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சம்மதித்தால் போகட்டும், மாத்திரையோடு போகட்டும். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்றால் எப்போது சாப்பிடலாம் என்று டாக்டரிடமே கேட்கட்டும். அத்தான் அவன் பையில் அன்றைய மாத்திரையை வைத்துவிட்டு, விழுங்கியதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் தவணை இரண்டையும் நான் கட்டுகிறேன். வட்டிக்கு யாரிடமும் போகாதீர்கள்.

சத்துணவுக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாய் ஒரு தடவைதான் வந்தது என்றாய். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாஸ்புத்தகத்தை எடுத்துப்போய்க் கேள். வீட்டில் இருக்கும் குட்டி ஸ்டெஃபிக்கு நான்கு வயதுதான். அவளுக்குக் காசநோய்த் தடுப்பு மாத்திரை தொடங்கினார்களா என்று நீ எழுதவே இல்லை. இந்த வாரமே மைனியோடு போய்க் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய். அப்பாவின் திருப்பலிக்குச் சாமியாரிடம் தேதி குறித்துவிடு, காணிக்கையை நான் அனுப்புகிறேன்.

அன்புத் தங்கை,
ரோஸ்லின்