அந்த 9900-ஐ நம்பாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டார்ச் நல்ல டார்ச்சாகத்தான் தெரிகிறது. அதன் பக்கத்தில் கிடக்கிற இரண்டு பேட்டரிகள்தான் வயிற்றில் புளியைக் கரைத்தன. உறையில் 9900 எம்.ஏ.எச். (எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு) என்று போட்டிருக்கிறது. அது பொய். இந்த வகை லித்தியம் பேட்டரிக்கு, அதாவது செல்லுக்கு, 18650 என்று பெயர். அந்தப் பெயரே அதன் அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. அந்தச் சின்ன உருளைக்குள் நல்ல கம்பெனிக்காரர்களே 3500 சுற்றுவட்டாரத்தில்தான் அடைக்கிறார்கள். எண்ணிலேயே பொய் சொல்கிறவன் உள்ளே பாதுகாப்பாகச் செய்திருப்பான் என்று நான் எப்படி நம்புவது?

ஒரு காரியம் செய். சமையலறைத் தராசில் அதை வைத்துப் பார். நிஜமான 18650 ஏறத்தாழ 45 கிராமுக்குக் குறையாது. 30 கிராம் என்று காட்டினால் உள்ளே முழுசாக எதுவும் இல்லை என்று அர்த்தம். சிலவற்றைப் பிரித்துப் பார்த்தபோது சின்ன செல் ஒன்றை வைத்து மிச்ச இடத்தைப் பொடி போட்டு நிரப்பியிருந்தார்கள். எடை சரியாக இருந்துவிட்டால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய செல்லுக்குப் புது உறை மாட்டி விற்கிறவர்களும் உண்டு.

புதிதாக வாங்கும்போது, செல்லைத் தயாரித்தவர் யார் என்பது தெரிகிற மாதிரி வாங்கு. உன் டார்ச் ஒரே செல்லில் ஓடுவது எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டு செல்லை வரிசையாகப் போடுகிற டார்ச்சில் ஒன்று முன்னாடியே காலியாகிவிட்டால், மற்றது அதைத் தலைகீழாக இழுத்துக் கெடுத்துவிடும். டார்ச்சின் உடம்போ இறுக மூடிய உலோகக் குழாய். உள்ளே வாயு கிளம்பினால் போக வழி இல்லை.

அடியில் பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த செல்லே உனக்குச் சரி. சார்ஜ் அளவுக்கு மேல் ஏறினாலும், அடிமட்டத்துக்கு இறங்கினாலும், ஷார்ட் ஆனாலும் அது இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் அந்தச் சர்க்யூட்டால் செல் சில மில்லிமீட்டர் நீண்டுவிடும், 70 வரைகூடப் போகும். உன் டார்ச்சுக்குள் நுழையுமா, மேல்முனை தட்டையாக வேண்டுமா குமிழோடு வேண்டுமா என்று அதோடு வந்த தாளில் பார்த்துக்கொள். உள்ளே போகவில்லை என்று திருகி அழுத்தாதே.

சரி, சார்ஜுக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

இந்த செல் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். அதற்குமேல் தள்ளினால் உள்ளே கெட ஆரம்பிக்கும். நல்ல சார்ஜர் முதலில் ஒரே சீராக மின்சாரத்தை ஏற்றி, 4.2-ஐத் தொட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தானே நிறுத்திவிடும். டார்ச்சோடு இலவசமாக வந்த பெயரில்லாத சார்ஜரை உபயோகிக்காமல் ஒதுக்கிவிடு. 1 ஆம்பியரில் ஏற்று, நாலு மணி நேரத்துக்கு மேல் போனாலும் போகட்டும். கட்டிலிலோ மெத்தையிலோ வைக்காமல் தரையில், பக்கத்தில் துணியோ தாளோ இல்லாத இடத்தில் வை. நீ விழித்திருக்கும்போது மட்டும் போடு. இரவெல்லாம் தவளை எண்ணிவிட்டு விடியற்காலையில் வந்து, சார்ஜில் மாட்டிவிட்டு அப்படியே தூங்கிப்போவாய் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் செய்யாதே, அம்மா. இந்த செல்லுக்குள் ஒருமுறை தீ பிடித்தால் சூடே சூட்டைக் கூட்டிக்கொண்டு போகும், நச்சுப் புகையும் வரும். வீங்கினாலோ, சீறினாலோ, வினோதமான வாசனை வந்தாலோ கையால் எடுக்கப் போகாமல் வெளியே வந்துவிடு.

அப்புறம், நீ போகிற மலையில் குளிர் அதிகம் என்றாயே. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்த செல்லை உபயோகிக்கலாம், சார்ஜ் போடக் கூடாது. போட்டால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படியும், பின்னாளில் அதுவே ஷார்ட்டுக்கு வழி வைக்கும். அறைக்குக் கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகு போடு.

உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்லின் உலோக உடம்பு முழுக்க மைனஸ். மேல்முனையில் இருக்கிற பிளஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய வளையமும் அந்தப் பிளாஸ்டிக் உறையும்தான் இருக்கின்றன. உறை கிழிந்திருந்தால் அந்த செல் வேண்டாம். நான் ஒருமுறை மாற்று செல்லைச் சாவிக்கொத்தோடு பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். தொடை சுட்டது, உதறி எடுப்பதற்குள் விரலும் கொப்புளித்தது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் டப்பா இல்லாமல் நான் செல்லை எங்கேயும் கொண்டுபோனதில்லை. நீயும் வாங்கிக்கொள். விமானத்தில் வரும்போது அந்த டப்பா கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஏற்றிவிடுகிற பெட்டியில் போடக் கூடாது.

டார்ச்சை அணைக்க மறந்து பல நாள் கிடந்தால், செல்லில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று மல்டிமீட்டரில் அளந்து பார். 2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அதை எழுப்ப முயலாதே, உள்ளே இருக்கும் செம்பு கரைந்திருக்கலாம். பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுத்துவிடு. மாதக்கணக்கில் வேலை இல்லை என்றால் பாதி சார்ஜில் வெளியே எடுத்து வை.

முதலில் அந்த இரண்டையும் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று எழுது. டார்ச்சோடு வந்த தாளையும் படம் எடுத்து அனுப்பு. எந்த செல் சரிப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன். பதில் வரும்வரை அவற்றைச் சார்ஜில் போடாதே.

அன்புடன்,
அப்பா