பம்பைக்காரருக்கும் பேர் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் புளூகிராஸ் இசையை, அதாவது தந்தி வாத்தியங்களை வைத்தே வாசித்துப் பாடுகிற அந்த ஊர் நாட்டுப்புறப் பாணியைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். நான் பதினெட்டு வருஷம் குடியாத்தம் பக்கத்து மெல்லிசைக் கச்சேரிகளில் மாண்டலின் வாசித்தவன், அதனால் டீ ஆறினாலும் பரவாயில்லை என்று ஒரு வரி விடாமல் படித்தேன். 1940களின் நடுவில், அந்த இசைக்குத் தந்தை என்று சொல்லப்படுகிற பில் மன்றோவின் குழுவில் இருந்தவர்களை ஒருத்தர் பாக்கியில்லாமல் எழுதியிருந்தீர்கள்: மாண்டலினுக்கு மன்றோ, கிட்டாருக்கு லெஸ்டர் ஃபிளாட், பாஞ்சோவுக்கு ஏர்ல் ஸ்கரக்ஸ், பிடிலுக்கு சப்பி வைஸ், பாஸுக்கு ஹோவர்ட் வாட்ஸ். ரொம்ப சந்தோஷம்.

ஆனால் பக்கத்திலேயே டிரம்ஸ் செட் படம் எதற்கு? அந்தப் பாணியில் டிரம்ஸ் வைக்கிற வழக்கமே கிடையாது. தாளத்தைத் தாங்குவது பாஸும் மாண்டலினும்தான். பாஸ் விழுகிற அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மாண்டலின்காரர் தந்திகளை ஒரே வெட்டாக வெட்டி, அந்த நொடியே இடதுகை விரலைத் தளர்த்திச் சத்தத்தை அடக்கிவிடுவார். நானும் வீட்டில் முயன்று பார்த்தேன், இரண்டு நிமிஷத்தில் மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. நமக்கு மாண்டலின் என்றால் சீனிவாஸ், அவருடைய மின் மாண்டலினில் ஐந்தே தந்தி, கமகம் கொஞ்சும். மன்றோவுடையதில் ஜோடி ஜோடியாக எட்டு. பேர்தான் ஒன்று, குணம் வேறு.

விட்டுப்போன பேர் ஒன்றும் இருக்கிறது. ஆர்னால்ட் ஷுல்ட்ஸ். கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த கறுப்பினக் கலைஞர், கிட்டாரும் பிடிலும் வாசிப்பார், சின்ன வயதில் மன்றோ அவரோடு சேர்ந்து நடன விருந்துகளில் வாசித்திருக்கிறார். 1931இல் இறந்துபோனார். அவர் வாசித்த இசைத்தட்டு ஒன்றுகூடக் கிடையாது, பிற்காலத்தில் மன்றோ பேட்டிகளில் அவர் பேரை எடுத்ததால்தான் இன்றைக்கு நானே அவரைப் பற்றி எழுத முடிகிறது.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுபோகிற திருவிழா. வருஷா வருஷம் வேலூர் பதிப்பில் படத்தோடு செய்தி போடுகிறீர்கள், கூட்டம், போலீஸ் பாதுகாப்பு, வந்து கும்பிட்ட பிரமுகர்கள் பட்டியல் எல்லாம் வருகிறது, பம்பை செட்டுக்கு மட்டும் 'மேளதாளம் முழங்க' என்று இரண்டே வார்த்தை. மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என்று இரண்டு மேளத்தைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் தாங்கிக்கொண்டு, கூடவே உடுக்கையும் கைச்சிலம்புமாக, தொண்டை கட்டுகிறவரை அம்மன் வர்ணிப்பு பாடுகிற ஆட்கள் அவர்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தர் மறுநாள் காலையில் லுங்கித் தறியில் உட்கார்ந்துவிடுவார். அவர் பாடுகிற வர்ணிப்பில் பாதி அவர் அப்பாவிடம் வாய்மொழியாகக் கற்றது, எந்தப் புத்தகத்திலும் இருக்காது. மன்றோவுக்குக் கிடைத்த அரைப் பக்கத்தில் எனக்குப் பொறாமை இல்லை, இவருக்கு ஒரு வரியாவது வேண்டாமா?

அடுத்த சிரசுக்கு உங்கள் நிருபர் வரும்போது சொல்லி அனுப்புங்கள். எந்த ஊர் செட்டு, பம்பை யார், உடுக்கை யார், சிலம்பு யார் என்று நானே கூட நின்று கேட்டு எழுதித் தருகிறேன், இன்ஷியலோடு.

இப்படிக்கு,
பழைய மாண்டலின்காரன்,
குடியாத்தம்