ஒரு மாலையை மட்டும் எனக்குக் கொடு

அன்பு மகளுக்கு,

டிசம்பரில் மாப்பிள்ளையையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அம்மா நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நீ அனுப்பிய திட்டத்தை நானும் படித்தேன். செந்தோசா, விலங்குத் தோட்டம் எல்லாம் சரி. ஒரு மாலையை மட்டும் எனக்கு ஒதுக்கிவிடு. பேரனைச் சிங்கப்பூர் ஆற்றோரமாக நான் நடத்திக் கூட்டிப் போக வேண்டும்.

ஐந்து மணிக்கு மெர்லயனிடமிருந்து, அந்தச் சிங்கத் தலையும் மீன் உடலுமான சிலையிடமிருந்து, தொடங்கலாம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது வேறு இடத்தில் நின்றது, நினைவிருக்கிறதா? 1997-ல் எஸ்பிளனேட் பாலம் வந்து முன்னால் மறைத்ததால், 2002-ல் 120 மீட்டர் தள்ளி இப்போதிருக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். படம் எடுப்பதை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு முக்கியம் அடுத்தது.

ஃபுல்லர்ட்டன் கட்டடம். இன்று அது பெரிய ஹோட்டல். உனக்கு அது அப்பாவின் தபால் நிலையம். 1976-ல் கடிதம் பிரிக்கும் வேலைக்கு அங்கே சேர்ந்தேன். மதியம் எம்பிரஸ் பிளேஸ் கடைகளில் சாப்பிடப் போக கேவனா பாலத்தைத் தாண்ட வேண்டும். மூக்கில் கைக்குட்டை இல்லாமல் தாண்ட முடியாது. பன்றிப் பண்ணைக் கழிவு, தெருக்கடைக் குப்பை, படகு எண்ணெய் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். அடுத்த ஆண்டு பிரதமர் லீ குவான் யூ, பத்தே ஆண்டில் இந்த ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்றார். எங்களில் பாதிப் பேர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. 1983-ல் சரக்குப் படகுகளை பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். கண் வரைந்த அந்தப் படகுகள் போன அன்று ஆறு வெறிச்சென்று இருந்தது. சுத்தமாகட்டும் என்று ஆசைப்பட்டவனுக்கே தொண்டை அடைத்தது. 1987-ல் ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலை முடிந்தது. 2008-ல் மரினா அணைக்கட்டு கட்டிக் கடல் நீரைத் தடுத்த பிறகு, நாம் குடிப்பதற்கான நீரைச் சேர்க்கும் நீர்த்தேக்கத்தோடு அந்த ஆறும் சேர்ந்துவிட்டது. இப்போது நீர்நாய்கள் குடும்பத்தோடு நீந்துகின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் பேரனும் பார்ப்பான்.

கேவனா பாலத்தில் மாடும் குதிரையும் போகக்கூடாது என்று ஒரு பழைய அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதை அவனே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். பக்கத்தில், ஆற்றில் குதிக்கும் பையன்களின் வெண்கலச் சிலைகள். அங்கே கொஞ்ச நேரம் ஆகும், அவசரப்படுத்தாதே.

பிறகு செட்டியார் சிலை. அவனுக்குத் தமிழில் நான் சொல்ல நினைப்பது அங்கேதான் இருக்கிறது. உன் தாத்தா காரைக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, மார்க்கெட் தெருவில், செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் சமையல் பார்த்தவர். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் கணக்குப் புத்தகமுமாகச் செட்டியார்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் சாம்பார் வைத்துவிட்டு, மாலையில் காற்று வாங்க இந்தக் கரைக்கு வருவாராம். அந்தக் கிட்டங்கிகள் இப்போது இல்லை. கொள்ளுத்தாத்தா நின்ற கரையில் பேரன் நிற்க வேண்டும், அதற்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றோரச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் போட் கீயில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஆள் நின்று கூப்பிடுவார்கள். போன வருடம் உன் சித்தப்பா குடும்பத்தோடு ஒரு கடையில் நண்டு கேட்டோம். எடைக்கு என்ன விலை என்று கேட்காமல் உட்கார்ந்தது என் தவறு. பில் வந்தபோது அம்மா முகம் வாடிப்போனது. விலைப்பட்டியலில் இருப்பதற்கு மேல் பெரும்பாலும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு வரியும் ஏறும், மாப்பிள்ளையிடம் சொல்லி வை. ஆற்றைப் பார்த்தபடி ஒரு காப்பி குடிப்போம், போதும். சாப்பாட்டுக்கு லாவ் பா சாட் உணவங்காடிக்குப் போகலாம். இரவில் பக்கத்துத் தெருவை அடைத்துச் சாத்தே, அதுதான் குச்சியில் குத்திய இறைச்சி, சுடுவார்கள்.

சாமான் வாங்குவதற்கு ஆற்றங்கரை சரிப்படாது. சேலையும் நகையும் லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில்தான். சேஞ்ச் ஆலி என்று ஒரு சந்து இருந்தது, உன் முதல் பள்ளிப்பையை அங்கேதான் பேரம் பேசி வாங்கினேன். பழைய சந்தை 1989-ல் மூடிவிட்டார்கள்.

இருட்டியதும் கிளார்க் கீயிலிருந்து படகில் ஏறி வந்த வழியே திரும்பலாம். என் முழங்காலுக்கும் அதுதான் நல்லது. டிசம்பர் மழைக்காலம், குடையை நான் எடுத்து வருகிறேன். பேரனுக்கு வழுக்காத செருப்பு ஒன்று வாங்கி வா.

அன்புடன்,
அப்பா