அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்

அன்புள்ள மகனுக்கு,

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று இனி அடிக்கடி கேட்பார்கள். உன்னிடம் கேட்க மாட்டார்கள், அவளைத்தான் தனியாக அழைத்துக் கேட்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு எழுதுகிறேன்.

பிள்ளை வேண்டுமா, எப்போது, எத்தனை என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. 1979-ல் ஏற்ற உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, இந்த உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்கிறது. நான் அதைவிட ஒரு படி மேலே போவேன். ஒன்பது மாதம் சுமப்பதும், பிரசவத்தில் உயிரைப் பணயம் வைப்பதும் அவள் உடம்பு. அவள் "வேண்டாம்" என்றால் பேச்சு அதோடு நிற்க வேண்டும். வற்புறுத்தல் என்றால் அதட்டல் மட்டும் என்று நினைக்காதே. மாத்திரையை ஒளித்து வைப்பது, ஆணுறையைச் சொல்லாமல் கழற்றுவது, டாக்டரிடம் போகும் நாளைத் தட்டிக்கழிப்பது, மறுகல்யாணத்தைப் பற்றி ஜாடையாகப் பேசுவது எல்லாமே வற்புறுத்தல்தான். பெற வேண்டும் என்பவளைக் கலைக்கச் சொல்வதும் அதே குற்றம்.

இப்போதைக்கு வேண்டாம் என்று இருந்தால், கருத்தடையை அவள் தலையில் மட்டும் கட்டாதே. ஆணுறை உன் பொறுப்பு. அவள் மாத்திரை எடுத்தால் அதன் விதிகள் உனக்கும் தெரிந்திருக்கட்டும். சாதாரணக் கூட்டு ஹார்மோன் மாத்திரையில் ஒன்று மறந்தால், நினைவு வந்ததும் விழுங்கிவிட்டு மற்றதை வழக்கம்போலத் தொடரலாம். இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து விட்டுப்போனால், கடைசியாக விட்டதை மட்டும் உடனே போட்டுக்கொண்டு, அடுத்த 7 நாள் ஆணுறையும் வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் ஆகியவை இந்த மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். கண்முன் ஒளிக்கோடுகள் தெரியும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், ரத்தக் கொதிப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரை ஆகாது. பக்கவாத ஆபத்து கூடும். ஆகவே முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். ஆணுறை கிழிந்தால் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி பொருத்தினால் அதைவிட உறுதி.

ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை நிறுத்தினால், கரு தங்கக் கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம்போல ஆகும். சிலருக்கு ஒரு வருஷமும் தாண்டும். இது தெரியாமல் "கண்டதைப் போட்டுக் கர்ப்பப்பையைக் கெடுத்துக்கொண்டாள்" என்று பழி போடுவார்கள். கெடவில்லை, மருந்து உடம்பை விட்டுப் போக நாளாகிறது, அவ்வளவுதான். காப்பர்-டியை எடுத்தாலோ அடுத்த மாதமே கரு தங்கலாம்.

பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்தால், பதினான்காம் நாள் கணக்கை எல்லோருக்கும் பொதுவாக வைக்காதே. கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. 35 நாள் சுற்று உள்ளவளுக்கு அது 21-ஆம் நாள் வாக்கில் வரும். விந்தணு ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், முயற்சி தொடங்கும் முன்பே அவள் எடுக்கட்டும்.

ஆறு மாதத்திலேயே "டாக்டரைப் பாருங்கள்" என்பார்கள். முறையாக முயன்று 12 மாதம் ஆன பிறகுதான் தாமதம் என்று கணக்கு. அவளுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம். அப்போது முதல் பரிசோதனை உனக்கு. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் உண்டு. விந்துப் பரிசோதனையில் வலி இல்லை, ஊசி இல்லை. அதைச் செய்யாமல் அவளைக் கருக்குழாய் எக்ஸ்ரேவுக்கு அனுப்புவது பெரிய அநியாயம்.

அதைச் சரியாகச் செய். இரண்டு முதல் ஏழு நாள்வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் சேகரிக்காதே, வழுக்கு ஜெல்லும் வேண்டாம், இரண்டும் அணுக்களைக் கெடுக்கும். முதல் சில துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே ஆய்வகம் சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை ஒரு மி.லி.க்கு 1.6 கோடி அணுக்கள், அசைவு 42 சதவீதம். அதற்குக் கீழே வந்தால் இடிந்துபோகாதே. புதிய அணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். முன்பு வந்த கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார். உடற்பயிற்சிக் கூடத்தில் தசைக்காக ஆண் ஹார்மோன் ஊசி தந்தால் தொடாதே. அது அணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

கடைசிவரை பிள்ளையே வேண்டாம் என்று உறுதியாக முடிவெடுத்தால், நிரந்தர அறுவைச் சிகிச்சையிலும் உன்னுடையதுதான் சுலபம். ஆனால் முடிந்த மறுநாளே பாதுகாப்பு என்று எண்ணாதே. மூன்று மாதம் வேறு முறை வேண்டும், பிறகு விந்தில் அணு இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி அந்தக் கேள்வி. அவள் அறைக்குள் வருவதற்கு முன்பே நீ பதில் சொல்லிவிடு: "அது எங்கள் இருவர் விஷயம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." காரணம் சொல்லாதே. வேலை என்றால் வேலையை விடச் சொல்வார்கள், உடம்பு என்றால் வைத்தியம் சொல்வார்கள். "அவள்தான் இப்போது வேண்டாம் என்கிறாள்" என்று மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதே. அந்த ஒரு வரி காலத்துக்கும் அவளைத் துரத்தும். நானே ஒருநாள் ஆசையில் வாய்தவறிக் கேட்டுவிட்டால், எனக்கும் அதே பதிலைச் சொல்.

அன்புடன்,
அம்மா