பட்டம் அணியின் கணக்கு

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பட்டத்தை வெல்லாத கூடைப்பந்து வீரர்களை ஒரு படி கீழே வைத்து வரிசைப்படுத்துவது அநியாயம். பட்டத்தை அணியின் கணக்கில் எழுத வேண்டும்.

எல்ஜின் பேலர் ஆடிய காலத்தில் லேக்கர்ஸ் அணி எட்டு முறை இறுதிச் சுற்றை எட்டி, எட்டிலும் தோற்றது. 1962இல் பாஸ்டன் அணிக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் அவர் எடுத்த 61 புள்ளிகளை இறுதிச் சுற்றில் இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அதே தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம் 100-100 என நின்றபோது, கடைசி நொடிகளில் சக வீரர் ஃபிராங்க் செல்வி எறிந்த பந்து கூடையில் விழவில்லை. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் 110-107 என வென்றது. இதில் பேலரின் குறை எங்கே? முழங்கால் ஒத்துழைக்காமல் 1971-72 பருவத்தில் ஒன்பது ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். அடுத்த ஆட்டத்திலிருந்து லேக்கர்ஸுக்குத் தொடர்ந்து 33 வெற்றிகள். அந்தப் பருவமே பட்டமும் கிடைத்தது. நெஞ்சு பொறுக்கவில்லை.

1998 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் யூட்டா அணி ஒரே புள்ளியில், 86-87 என, சிகாகோ அணியிடம் தோற்றது. யூட்டாவின் ஹோவர்டு ஐஸ்லி போட்ட மூன்று புள்ளிக் கூடையை, பந்தை எறிய ஓர் அணிக்குள்ள 24 நொடி முடிந்ததாகக் கூறி நடுவர் ஏற்கவில்லை. பந்து நேரத்துக்குள்ளேயே கையை விட்டதைப் படப்பதிவு காட்டியது. ஆனால் அதைப் பார்த்துத் திருத்தும் விதி அன்று இல்லை. அந்தக் கூடை சேர்ந்திருந்தாலும் ஏழாவது ஆட்டத்தையும் வென்றாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பட்டம் வெல்லாத அதே அணியின் ஜான் ஸ்டாக்டன் கொடுத்த 15,806 அசிஸ்ட்டுகளும் (சக வீரர் கூடை போட வழிசெய்த பாஸ்கள்), எதிரணியிடம் பறித்த 3,265 பந்துகளும் இன்றும் சாதனைகள்.

ஏழு பட்டங்கள் வென்ற ராபர்ட் ஹோரி நல்ல வீரர். ஆனால் அவரது சராசரி ஆட்டத்துக்கு 7 புள்ளிகள், பட்டமே இல்லாத பேலருக்கு 27.