தங்கவயல் சுரங்கத்தைத் திறக்கும்போது, அதில் இறங்கி ஏறியவர்களை முதலில் கூப்பிடுங்கள்

சுற்றுலாத் துறை, சுரங்கத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வசிக்கிறேன். பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்துத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில். அப்பா 1971இல் சுரங்க வேலைக்குச் சேர்ந்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடும் வரை கீழே இறங்கியவர். தங்கவயலைச் சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்ற பேச்சு சில வருஷங்களுக்கு ஒருமுறை எழுகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. அடுத்த முறை எழும்போது இந்தக் கடிதமும் உங்கள் மேஜையில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

போன டிசம்பர் லீவில் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் தாத்தாவோடு அங்கே கூட்டிப்போனேன். ஷாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழி, அதன் மேல் நிற்கும் கோபுரத்தைக் கிட்டே போய்க் காட்டலாம் என்று ஆசை. கேட்டிலேயே காவலர் நிறுத்திவிட்டார். அவருக்கு இருக்கும் உத்தரவு அப்படி. அப்பா அவரோடு வாதாடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமே நின்று பெரியவளிடம் சொன்னார்: "மேல சக்கரம் தெரியுதா? அது சுத்தினா கேஜ் ஓடுதுன்னு அர்த்தம். நேரங்கெட்ட நேரத்துல நின்னுச்சுன்னா உங்க ஆயா கையில இருக்கிறதைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடி வந்துடுவா."

கேஜ் என்பது ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் கூண்டு. இரும்பில் நிற்கும் அந்தச் சக்கரத்தைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் எந்தத் தகவல் பலகையிலும் வராது. அதைச் சொல்லக்கூடியவர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

கம்பெனி வேலையாக மூன்று மாதம் பிரிட்டனில் இருந்தபோது வேல்ஸில் பிளேனாவன் ஊரிலுள்ள பிக் பிட் நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்த்தேன். 1980இல் மூடிய சுரங்கம் அது. மூன்றே வருஷத்தில், 1983இல், பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நான் போனபோது அனுமதிக்குக் கட்டணம் வாங்கவில்லை. மேலேயே கைபேசி, கைக்கடிகாரம், லைட்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், சுரங்க வாயு இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொறிகூட ஆகாது என்பதால். ஹெல்மெட்டும் விளக்கும் மாட்டி, நிஜக் கேஜிலேயே 90 மீட்டர் இறக்குகிறார்கள். எங்களைக் கூட்டிப்போனவர் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி. ஓர் இடத்தில் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் கை தெரியவில்லை. முப்பது வருஷம் அப்பா எங்கே போய் வந்தார் என்பது அந்த இருட்டில்தான் எனக்கு முதன்முதலாகப் புரிந்தது. அதற்கு நான் வேல்ஸ் வரை போக வேண்டியிருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். அந்தச் சுரங்கத்துக்குள்ளே குதிரை லாயம் இருக்கிறது. வண்டி இழுத்த குதிரைகளின் பெயர்களை ஒவ்வொரு தடுப்பிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் லைனிலிருந்து காலையில் போய், சாயங்காலம் உயிரில்லாமல் வந்த ஆட்களின் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது?

தங்கவயலில் காட்டுவதற்கு விஷயமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 120 வருஷத்துக்கு மேல் வெட்டிய இடம். காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் போனது இந்தச் சுரங்கத்துக்கு. பெங்களூருத் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்கும் மூன்று வருஷம் கழித்து. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஒரே கேஜில் அடி வரை போய்விட முடியாது, நடுவில் இறங்கி வேறு ஷாஃப்டுக்கு மாற வேண்டும். 1965இல் அதே சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, விண்வெளிக் கதிர்களால் காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகள்களைக் கண்டறிந்தார்கள். உலகத்தில் அதை முதலில் பார்த்த இடங்களில் ஒன்று எங்கள் ஊர். விஞ்ஞானிகளும் கேஜில்தான் இறங்கினார்கள்.

இதெல்லாம் ஏட்டிலேயே இருக்கிறது, நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஏட்டில் இல்லாதது வேறு. அடி லெவலில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பியும் தாங்காது. ஷிப்ட் பாதியில் பூட்ஸைக் கழற்றி உள்ளே தேங்கிய வேர்வையைக் கீழே கொட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார்களாம். அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் பாரமெல்லாம் வெட்டிய இடத்தின் மேல் இறங்கும், பாறை தாங்காமல் வெடித்துச் சிதறும். அதுதான் ராக் பர்ஸ்ட். கீழே அது நடந்தால் மேலே எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரம் கிடுகிடுக்கும். அம்மா அப்போது ஒன்றும் பேசமாட்டார். அடுப்பை அணைத்துவிட்டு, தலையை முடிந்துகொண்டு, ஷாஃப்டை நோக்கி நடப்பார். லைனில் எல்லா வீட்டிலிருந்தும் பெண்கள் அப்படியே வந்து சேர்வார்கள். கேஜ் மேலே வரும் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. அந்த வரிசையில் அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பம்புகள் நின்றபிறகு ஆழத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்பது எங்களுக்கும் தெரியும். 3 கிலோமீட்டர் கீழே எங்களை இறக்குங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மேல்மட்டத்தில் பத்திரமான ஒரு சின்னப் பகுதி கிடைத்தால் போதும். அதுவும் முடியாது என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் சொன்னால், ஜெர்மனியில் போஹும் நகரத்துச் சுரங்க அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அங்கே பார்வையாளர்கள் நடப்பதற்காகவே கட்டடத்துக்கு அடியில் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் ஒரு சுரங்கம் செய்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலேயே நாக்பூர் பக்கம் சாவ்னேர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போயிருக்கிறார்கள். வழி இல்லாமல் இல்லை.

எனக்குப் பயம் வேறு விஷயத்தில். சயனைடு மேட்டில் ஏறிப் படமெடுத்துக்கொள்ள இப்போதே கார் காராக ஆட்கள் வருகிறார்கள். அந்த மேடு, பாறையை அரைத்துச் சயனைடு கலந்து தங்கம் எடுத்தபிறகு கொட்டிய மண். காற்றுக் காலத்தில் அது பறந்து வந்து பக்கத்து வீடுகளில் சோற்றுத் தட்டில் விழுகிறது. அதன் மேல் ஒரு பார்வைக்கூடம், கீழே ஒரு உணவகம், வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த பழைய பங்களாவில் 'குட்டி இங்கிலாந்து' என்று ஒரு ஓட்டல் என்று உங்கள் திட்டம் முடிந்துவிடக் கூடாது. பங்களாவைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே டிக்கெட்டில் ஒரு லைன் வீட்டையும் காட்டுங்கள். சித்தூர், வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்தவர்கள் அந்த ஒற்றை அறைகளில் எட்டுப் பேராகப் படுத்தார்கள். 1930இல் கைரேகைப் பதிவு வேண்டாம் என்று வேலையை நிறுத்தியவர்களும் அவர்கள்தான். கல் தூசியால் நுரையீரலுக்கு வரும் சிலிக்கோசிஸ் நோய் வந்து மூச்சுக்குத் தவித்துப் போனவர்களைப் பற்றியும் எழுதுங்கள். பலகையில் கன்னடம் முதலில் இருக்கட்டும், அதுதான் முறை. அதற்குக் கீழே தமிழும் தெலுங்கும் வேண்டும், ஏனென்றால் கீழே அந்த மொழிகளில்தான் ஒருவரை ஒருவர் 'பாறை பார்த்து!' என்று எச்சரித்துக்கொண்டார்கள்.

வழிகாட்டிகளாகப் பழைய தொழிலாளர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வையுங்கள். சும்மா சேவைக்கு அல்ல, சம்பளத்துக்கு. மாரிக்குப்பம் ரயிலில் விடியும் முன்னே ஏறி, பெங்களூருக்கு வேலைக்கு வந்து, ராத்திரி வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான பேர் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்களில் சிலருக்காவது சொந்த ஊரிலேயே காலை விடியட்டும்.

சுரங்கம் மூடும்போது முப்பது வயதில் இருந்தவர்களுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. அடி லெவலில் நிறைய வருஷம் வேலை பார்த்தவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர்களில் ஒன்பது பேரைத் தேடிப் பேசிவிட்டேன். எட்டுப் பேர் எப்போது கூப்பிட்டாலும் வருகிறோம் என்றார்கள். ஒருவரால் பத்தடி நடக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. அவர் ஆண்டர்சன்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். "வீட்டுக்கு வந்தா படுத்துக்கிட்டே சொல்றேன், பதிவு பண்ணிக்கங்க" என்கிறார். கட்டடத்துக்கு டெண்டர் விடும் முன்பு அவரிடம் ஓர் ஆளை ரெக்கார்டரோடு அனுப்புங்கள். நான் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
சாம்பியன் ரீஃப் தொழிலாளி ஒருவரின் மகள்,
பெங்களூரு